நைட்டி தைக்கும் ஊருக்குத் தரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

“நாம என்ன டி.வி.எஸ். கம்பெனியா அண்ணாச்சி நடத்துறோம்? நைட்டி தைக்கிறோம். இதுக்கு எதுக்குத் தரக் கட்டுப்பாடும் நோட்டுப் புத்தகமும்?”

ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரத்தில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன் என்று எண்ணி மாளாது. கேட்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். காலை ஏழு மணிக்குக் கட்டிங் மேசைக்கு முன்னால் நிற்பவர்கள், பண்டல் கட்டி லாரி ஷெட்டுக்கு ஏற்றிவிட்டு இரவு பத்து மணிக்குச் சாப்பிடுபவர்கள். தளவாய்புரமும் முகவூரும் செட்டியார்பட்டியும் தமிழ்நாட்டுப் பெண்களின் வீட்டு உடையைத் தைத்துத் தருகிற ஊர்களாக ஆனது இவர்கள் உழைப்பால்தான். அந்த உழைப்பின் மேல் எனக்கு மதிப்பு இருப்பதால்தான் இந்தக் கேள்விக்கு எதிராக இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

அவர்கள் சொல்வது இது: தரம் பார்ப்பது பெரிய ஆலைக்கும் ஏற்றுமதிக்காரருக்கும் உரிய வேலை. சிறுதொழிலுக்கு அது தாங்காத செலவு. நம் சரக்கை வாங்குகிறவர் விலையைத்தான் பார்ப்பார். குறை வந்தால் அது தைக்கிறவர்களின் கவனக்குறைவு. இந்தப் பேச்சு அடியோடு தவறு என்பது என் கட்சி.

செலவிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகள் ஒரு கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதியவன் நான். துணி, நூல், ஜிப், லேஸ், தையல் கூலி, கட்டிங் கூலி, மின்சாரம், வண்டி வாடகை எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்கில் பத்தி இருந்தது. திரும்பி வந்த பீசுக்குப் பத்தி இல்லை. அது மூலையில் ஒரு சாக்கில் கிடக்கும். சாக்கு நிறைந்ததும் செகண்ட்ஸ் என்று யாராவது வந்து வந்த விலைக்கு அள்ளிக்கொண்டு போவார். அந்தப் பணம் வரவில் ஏறும். அந்தச் சாக்கு தின்ற பணம் எந்தப் பக்கத்திலும் ஏறாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களை நீங்களே போட்டுக்கொள்ளலாம். வாரத்துக்கு 1,000 நைட்டி. ஒரு நைட்டியில் நிற்கும் லாபம் 12 ரூபாய். அதில் 30 பீஸ் தையல் விட்டோ அளவு தப்பியோ திரும்புகிறது. செகண்ட்ஸ் விலையில் தள்ளினால் பீசுக்கு 60 ரூபாய் நஷ்டம். மீதி 970 பீசில் வந்த லாபம் 11,640 ரூபாய். அதில் 1,800 ரூபாயை அந்த 30 பீஸ் தின்றுவிடும். கையில் நிற்பது 9,840. எல்லாம் சரியாக இருந்திருந்தால் 12,000. நூற்றுக்கு மூன்று பீஸ்தானே என்று நினைத்தது லாபத்தில் நூற்றுக்குப் பதினெட்டைக் கொண்டுபோய்விட்டது. திரும்பி வந்ததற்கான வண்டி வாடகையையும், பிரித்துத் தைக்கக் கொடுத்த கூலியையும், அடுத்த மாதம் ஆர்டர் தராமலே போன கடைக்காரரையும் இதில் நான் சேர்க்கவில்லை. தரத்துக்கு நீங்கள் ஏற்கனவே செலவு செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். அந்தச் செலவு உங்கள் நோட்டில் இல்லை, அவ்வளவுதான். பிலிப் கிராஸ்பி என்ற அமெரிக்கர் 1979-ல் எழுதிய புத்தகத்துக்குத் தரம் இலவசம் என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். பணம் போவது குறையைத் திருத்துவதற்குத்தான் என்பது அவர் வாதம். அதை நம்ப அவரைப் படிக்க வேண்டியதில்லை. மூலையில் கிடக்கும் சாக்கை அவிழ்த்து எண்ணினால் போதும்.

குறையைத் தடுக்கவும் செலவாகுமே என்பார்கள். ஆகும். எவ்வளவு என்று பார்ப்போம். நைட்டியில் வருகிற பெரிய புகார் சுருக்கம். 55 அங்குல உயர நைட்டிக்கான துணி நூற்றுக்கு ஐந்து சுருங்கினால், முதல் சலவையிலேயே இரண்டே முக்கால் அங்குலம் போய்விடும். கணுக்காலைத் தொட்டது மேலே ஏறிவிடும். வாங்கிய பெண் இதைக் கடைக்காரரிடம் சொல்வார், இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த முறை வேறு கடைக்குப் போவார். இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம். புதுத் தான் வந்ததும் ஒரு துண்டு வெட்டி, அதில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரமாகப் பேனாவால் கோடு போட்டு, வாளியில் நனைத்துத் துவைத்துக் காயப்போட்டுத் திரும்ப அளக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் 47 ஆகியிருந்தால் சுருக்கம் ஆறு சதவீதம். அப்போது மூன்று வழி உண்டு: துணியைத் திருப்பி அனுப்பலாம், நனைத்து உலர்த்தி வெட்டலாம், பேட்டர்னில் கூட்டி வெட்டலாம். எதைச் செய்தாலும் வெட்டுவதற்கு முன்னால் செய்கிறீர்கள். ஈர வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்தால் சாயம் நிற்குமா என்பதும் தெரிந்துவிடும். ஒரு வாளி, ஒரு அளவு நாடா, ஒரு வெள்ளைத் துணி, ஒரு நாள் பொறுமை. சிறுதொழிலுக்குத் தாங்காத செலவு என்பது இதைத்தானா?

ஜிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்ததும் நெஞ்சில் மேடு தட்டி அலை அலையாக நிற்கிற ஜிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தைத்தவரின் கை சரியில்லை என்று உடனே தீர்ப்பு வந்துவிடும். ஆனால் ஜிப்பின் நாடா பெரும்பாலும் பாலியஸ்டர். தண்ணீர் பட்டால் சுருங்காது. சுற்றி இருக்கும் காட்டன் சுருங்கும். சுருங்கிய துணிக்கு நடுவே சுருங்காத நாடா மாட்டிக்கொண்டு மேடு கட்டுகிறது. எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் அந்தத் துணியில் அந்த ஜிப் இப்படித்தான் நிற்கும். அந்தத் துணியை வாங்கியவர் முதலாளி. அந்த ஜிப்பை வாங்கியவரும் முதலாளி. திட்டு வாங்கியது தைத்தவர்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுதான் பேச வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன பேச்சில் எனக்கு மிகவும் வலிப்பது குறையைத் தைக்கிறவர்கள் மேல் போடுவதுதான். தளவாய்புரத்துத் தையலில் பெரும்பங்கு பெண்களின் கை. பீஸ் ரேட். யூனிட்டில் உட்கார்ந்து தைப்பவர் உண்டு. பண்டலை வீட்டுக்கு எடுத்துப்போய், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மெஷினில் உட்காருபவர் உண்டு. குறை வந்தால் இவர்கள் கூலியில்தான் கை வைக்கப்படுகிறது. கூலி பிடித்தால் கவனம் வரும் என்று நினைக்கிறார்கள்.

எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கத் தர நிபுணர் தம் நான்கு நாள் கருத்தரங்குகளில் ஒரு சோதனை செய்து காட்டுவார். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும் கலந்து கிடக்கும். ஐம்பது குழி உள்ள ஒரு கரண்டிப் பலகையைக் கொடுத்து, கூட்டத்திலிருந்து வந்தவர்களை அள்ளச் சொல்வார். சிவப்பு மணி குறை. ஒருவருக்கு ஏழு வரும், ஒருவருக்குப் பதிமூன்று வரும். ஏழு எடுத்தவரைப் பாராட்டுவார், பதிமூன்று எடுத்தவரைக் கடிந்துகொள்வார். அடுத்த முறை பாராட்டு வாங்கியவருக்குப் பதினொன்று வரும். பெட்டியில் ஐந்துக்கு ஒன்று சிவப்பாக இருக்கும்வரை சராசரியாகப் பத்து வந்துகொண்டேதான் இருக்கும். அள்ளுகிறவரைத் திட்டியோ பரிசு கொடுத்தோ அதை மாற்ற முடியாது. பெட்டியில் சிவப்பு மணியைப் போட்டவர்தான் எடுக்க வேண்டும்.

நம் பண்டலில் சிவப்பு மணி எப்படி விழுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? மேசையில் ஐம்பது அறுபது அடுக்குத் துணி விரித்து மெஷின் கத்தியால் வெட்டுகிறோம். மேல் அடுக்கு, கோடு போட்ட இடத்தில் சரியாக வெட்டுப்படும். கத்தி கொஞ்சம் சாய்ந்தாலும் அடி அடுக்கு கோட்டை விட்டுத் தள்ளிப்போகும். மேல் பீஸ் தைத்தவருக்குக் கழுத்து சுலபமாக உட்காரும். அடி பீஸ் கிடைத்தவர் இழுத்துப் பிடித்துத் தைப்பார்; தையல் சுருண்டு நிற்கும். இரண்டு பேருக்கும் ஒரே கூலி, ஒருவருக்கு மட்டும் கெட்ட பெயர். வெட்டி முடித்ததும் மேல் பீசையும் நடு பீசையும் அடி பீசையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்காத மேசைதான் நாள் முழுதும் தைக்கிற அக்காவைத் திட்டுகிறது.

ஊசியும் அப்படித்தான். முனை மழுங்கிய ஊசி துணியில் நூலிழையை அறுத்துக்கொண்டே போகும்; துவைத்தபின் தையல் ஓரமாக ஓட்டை விழும். நான் பார்த்த வீடுகளில் ஊசி வாங்கும் செலவு தைப்பவர் தலையில்தான் இருந்தது. பீசுக்குச் சில ரூபாய் கிடைக்கிற ஒருவர் ஓடுகிற ஊசியை மாற்றுவாரா? இத்தனை பண்டலுக்கு ஒரு ஊசி என்று முதலாளி தன் கையால் கொடுத்தால் திரும்பும் பீஸ் குறையும். வெட்டு தப்பாக இருக்கிறது, இதைத் தைக்கக் கூடாது என்று ஒருவர் பண்டலோடு எழுந்து வந்து சொன்னால் அந்த நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும். இப்போது சொல்கிறவர் அந்த நேரத்தின் கூலியை இழக்கிறார். சொல்லாமல் தைத்துத் தள்ளுகிறவர் சம்பாதிக்கிறார். இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்வது அநியாயம்.

பெரிய கம்பெனிக்கு உரியது என்ற வாதத்துக்கு வருகிறேன். டி.வி.எஸ். பெயரை எடுத்ததால் சொல்கிறேன்: அந்தக் குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன், டெமிங் பெயரால் ஜப்பானியர் தரும் விருதை 1998-ல் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். பெரிய கம்பெனி, உண்மைதான். ஆனால் டெமிங் 1950-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் பொறியாளர்கள் சங்கத்தின் அழைப்பில் போய்ப் பாடம் எடுத்தபோது, ஜப்பான் சாமான் என்றால் மலிவுச் சாமான் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. போரில் நொறுங்கிப் பணம் இல்லாமல் இருந்த தேசம் தரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தது. பணம் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் தள்ளிப்போடவில்லை. 1962-ல் அங்கே தர வட்டங்கள் தொடங்கியபோது அவற்றில் உட்கார்ந்து பேசியவர்கள் மெஷினில் வேலை செய்த தொழிலாளிகள்.

ஜப்பான் தூரம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வாருங்கள். அந்த ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். நான் பேச வருவது அதற்கு முந்தைய இடத்தை, விடியற்காலையில் பால் சங்கத்தின் வாசலை. ஒரே ஒரு மாடு வைத்திருக்கிற அம்மா இரண்டு லிட்டர் பாலோடு வரிசையில் நிற்பார். அந்த இரண்டு லிட்டரும் அளக்கப்படும். கொழுப்பு எவ்வளவு, இதரச் சத்து எவ்வளவு என்று பார்த்து எழுதப்படும். அதற்கேற்பத்தான் பணம். தண்ணீர் கலந்தால் அன்றே தெரியும். நாளைக்குத் தெரிவதில் பயன் இல்லை, பால் அதற்குள் கலந்துபோயிருக்கும். ஒரு மாட்டுக்காரருக்குத் தினமும் இரண்டு வேளை தரச் சோதனையும் எழுத்துக் கணக்கும் சாத்தியம். இருபது மெஷின் வைத்திருப்பவருக்குச் சாத்தியம் இல்லையா?

ராஜபாளையத்துக்கு அந்தப் பக்கம் சத்திரப்பட்டி. பேண்டேஜ் துணி நெய்கிற ஊர்; அதுவும் விசைத்தறி வைத்த சிறு முதலாளிகளின் ஊர்தான். புண்ணில் சுற்றுகிற துணிக்குப் பத்து சென்டிமீட்டரில் பாவு இழை எத்தனை, ஊடை இழை எத்தனை, சதுர மீட்டருக்கு எடை எவ்வளவு என்று மருந்துச் சட்ட விதிகளின் அட்டவணையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். மருத்துவப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் பத்து விநாடிக்குள் மூழ்க வேண்டும். 2018 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த மருத்துவக் கருவிகள் விதிகள் பேண்டேஜையும் தமக்குள் எடுத்துக்கொண்டன. அவை தர மேலாண்மை முறையையே கேட்கின்றன. தறி சிறியதாக இருக்கிறதே, இழை குறைந்தால் பரவாயில்லை என்று அங்கே யாரும் வாதாட முடியாது. பத்துப் பதினைந்து மைல் சுற்றளவில் பாலுக்கு ஒரு நியாயம், பேண்டேஜுக்கு ஒரு நியாயம், நைட்டிக்கு மட்டும் நியாயமே இல்லை என்பது எப்படி?

சொல்லப்போனால் இந்த வேலை சிறியவருக்குத்தான் சுலபம். பெரிய ஆலையில் ஒரு குறை மேலே தெரிய ஐந்து மேசை தாண்ட வேண்டும். தளவாய்புரத்தில் துணி வாங்குகிறவரும், வெட்டுவதைப் பார்க்கிறவரும், கடைக்காரரின் போனை எடுத்துத் திட்டு வாங்குகிறவரும் ஒரே ஆள். திங்கட்கிழமை வந்த புகாரைச் செவ்வாய்க்கிழமை மேசையில் சரிசெய்யலாம்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். சான்றிதழ் வியாபாரத்தைப் பார்த்து வெறுத்துப்போனவர்கள் இந்த ஊரில் உண்டு. ஒரு கன்சல்டன்ட் வருவார். பத்து ஃபைல் போடுவார். நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்து வாங்குவார். சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் ஏறும். கட்டிங் மேசையில் ஒரு நூலும் மாறியிருக்காது. இதைத் தரம் என்று காட்டினால் யார்தான் வெறுக்க மாட்டார்கள்? அந்தக் கோபம் சரி. ஆனால் கோபம் போலி ஃபைல் மேல் இருக்க வேண்டும், வேலை மேல் அல்ல. ஐ.எஸ்.ஓ. 9001 கூட 2015 திருத்தத்தில் தரக் கையேடு கட்டாயம் என்பதை எடுத்துவிட்டது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் செட் (ZED) தரச் சான்றுத் திட்டத்தில் வெண்கல நிலைச் சான்றுக்குக் கட்டணம் 10,000 ரூபாய். குறுந்தொழிலுக்கு அதில் எண்பது சதவீதம் மானியம், பெண்கள் நடத்தும் நிறுவனத்துக்கு முழு மானியம் என்று அறிவித்திருக்கிறார்கள். வேண்டுமென்றால் வாங்குங்கள். வேலையை முதலில் சரிசெய்துவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக, வாங்குகிறவர் விலையைத்தான் பார்ப்பார் என்ற பேச்சு. விலையைப் பார்ப்பார், உண்மை. ஐந்து ரூபாய்க்கு அடுத்த யூனிட்டுக்கு ஓடுகிற மொத்த வியாபாரிகளை நானும் அறிவேன். ஆனால் அதே வியாபாரி பணம் தருகிற நாளில் எதைப் பேசுகிறார்? சரக்கில் குறை என்கிறார். நூறு பீஸ் டேமேஜ் என்கிறார். இரண்டு மாதம் கழித்துப் போனில் சொல்லிவிட்டுத் தொகையைப் பிடித்துக்கொள்கிறார். அவரிடம் நீட்ட உங்களிடம் ஒரு தாளும் இல்லை. எந்தத் தான், எந்த லாட், யார் செக்கிங் பார்த்தது, எத்தனை பீஸ் ஒதுக்கினோம், எதுவும் எழுதப்படவில்லை. அவர் சொன்ன எண்ணே எண்ணாகிறது.

இந்த இடத்தில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கு கிடைத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால் அவர் அதை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். எழுதிய ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தர 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. அரசின் உத்யம் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளர் இதற்காக அரசின் இணையத்தளத்தில் மனுப் போடலாம். மனுப் போட்டால் பகை வரும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. பகை வேண்டாம். லாட் எண்ணும் செக்கிங் கணக்கும் கையில் இருந்தால் போனிலேயே பேச்சு மாறும். விலையைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாதவரிடம்தான் விலையை மட்டும் பேசுவார்கள்.

வாங்குகிற பெண்ணும் மாறிவிட்டார். முன்பு கடைக்காரர் எடுத்துப் போட்டதை வாங்கிப்போவார். இன்று போனில் படம் பார்த்து வாங்குகிறார். அளவு தப்பினால் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறார். சாயம் போனதைப் படம் எடுத்து எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடுகிறார். எக்ஸ்எல் என்று எழுதிய நைட்டி ஒரு லாட்டில் ஒரு மார்பளவும் அடுத்த லாட்டில் வேறு மார்பளவும் கொண்டிருந்தால் அந்த வியாபாரத்தில் ஒரு மாதம் தாங்க முடியாது. கடைக்காரர் முகத்துக்காக ஓடிய சரக்குக்கு அங்கே முகம் இல்லை.

தீபாவளிச் சரக்குக்குத் துணி வந்து இறங்கும் முன் இந்த ஊர் முதலாளிகளிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் தானில் ஒரு துண்டு வெட்டித் துவைத்து, சுருக்கத்தை அதில் எழுதுங்கள். மேல் பீசையும் அடி பீசையும் ஒப்பிட்டு எழுதுங்கள். திரும்பி வந்த ஒவ்வொரு பீசையும், ஏன் வந்தது என்று, தைத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். கூலியில் கை வைக்காதீர்கள். பொங்கலுக்கு நோட்டைத் திறந்து கூட்டிப் பாருங்கள். அதன் பிறகும் தரம் நமக்குத் தாங்காது என்று தோன்றினால் அந்த நோட்டோடு என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.